காக்கக் காக்க வளரும் அன்பு

நுழையுமுன்

வீட்டிலுள்ள பெரியோரிடம் "உங்கள் ஊர் ஆறு எது?" என்று கேட்டுப் பாருங்கள். காவிரி, வைகை, தாமிரபரணி, பாலாறு, நொய்யல் என ஒரு பெயர் உடனே வரும். அதே வினாவை உங்களிடம் கேட்டால் என்ன விடை சொல்வீர்கள்? அந்த விடையைத் தேடிச் செல்கிறது இப்பாடம்.

ஆறும் தமிழரும்

தமிழில் 'ஆறு' என்னும் சொல்லுக்கு நீரோட்டம் என்பதோடு 'வழி' என்ற பொருளும் உண்டு. பரிசில் பெற்ற கலைஞர், வறுமையில் வாடும் மற்றொரு கலைஞருக்கு வள்ளலின் ஊருக்குச் செல்லும் வழியைக் காட்டும் இலக்கிய வகைக்கு 'ஆற்றுப்படை' என்று பெயர் வந்தது இதனால்தான். பரிபாடல் வையையைப் போற்றுகிறது. சிலப்பதிகாரத்தின் கானல்வரி காவிரியைப் பாடுகிறது. ஆற்றங்கரையில் ஊர் அமைத்து, ஆற்றின் பெயரைப் பிள்ளைகளுக்குச் சூட்டி, ஆடிப்பெருக்கில் ஆற்றை வழிபட்டு வாழ்ந்தவர் தமிழர்.

பணியின் பொருட்டு ஊர்விட்டு ஊர் சென்ற தமிழர் அந்த நினைவையும் உடன் கொண்டு சென்றனர். ஐதராபாத்தின் கிழக்குப் பகுதியில் உள்ள நாச்சாரம் ஒரு தொழிற்பேட்டைப் பகுதி. அங்கும் அதன் சுற்றுப்புறங்களிலும் பணிபுரிய வந்து குடியேறிய குடும்பங்களில் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. அவ்வீடுகளின் பெற்றோருக்கு நீந்தி விளையாடிய ஓர் ஆறு நினைவில் இருக்கிறது. பிள்ளைகளுக்கோ அந்த ஆறு கோடை விடுமுறையில் காணும் காட்சி மட்டுமே.

ஆயினும் நாச்சாரத்துப் பிள்ளைகளுக்கும் ஓர் ஆறு உண்டு. நாச்சாரத்திலிருந்து தெற்கே உப்பலைக் கடந்தால் நாகோல் பாலத்தின் கீழ் அது ஓடுகிறது. பலர் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்து செல்லும் அந்த ஆற்றின் பெயர் மூசி.

மூசியின் வழி

மூசி, விகாராபாத் மாவட்டத்து அனந்தகிரி மலையில் தோன்றுகிறது. அங்கே அது மரநிழலில் ஓடும் சிற்றோடை. கிழக்கு நோக்கி ஓடிவந்து, ஐதராபாத்தின் லங்கர் ஹவுஸ் பகுதியில் ஈசி என்னும் துணையாற்றுடன் கலக்கிறது. காந்தியடிகளின் அஸ்தி கரைக்கப்பட்ட இடங்களுள் அக்கூடலும் ஒன்று. அதனால் அவ்விடம் பாபு காட் என்று அழைக்கப்படுகிறது. பின்னர் மாநகரின் நடுவே பாய்ந்து, நல்கொண்டா மாவட்டத்து வாடப்பள்ளியில் கிருஷ்ணையாற்றில் சேர்கிறது. அது கடக்கும் தொலைவு ஏறத்தாழ 240 கிலோமீட்டர்.

ஐதராபாத் நகரமே மூசிக்கரையில் பிறந்ததுதான். 1578 ஆம் ஆண்டில் மூசியின் குறுக்கே கட்டப்பட்ட புராணாபுல் என்னும் கல்பாலம் கோல்கொண்டாவைத் தென்கரையுடன் இணைத்தது. அத்தென்கரையில் 1591 ஆம் ஆண்டு முகம்மது குலி குதுப்ஷா புதிய நகரை அமைத்தார். இன்றும் நிற்கும் அப்பாலம் சார்மினாரைவிட மூத்தது.

பெருவெள்ளமும் இரு நீர்த்தேக்கங்களும்

1908 செப்டம்பர் 28 அன்று மூசி பெருக்கெடுத்தது. மேற்பகுதியில் பெய்த கடும் மழையால் ஏரிகள் பல உடைந்து, அந்நீர் முழுவதும் ஒருசேர நகருக்குள் புகுந்தது. பல்லாயிரம் மக்கள் உயிரிழந்தனர். இன்றைய உஸ்மானியா மருத்துவமனை வளாகத்தில் உள்ள ஒரு புளியமரத்தில் ஏறிய ஏறத்தாழ 150 பேர் உயிர் பிழைத்தனர் என்பர். அம்மரம் இன்றும் போற்றிக் காக்கப்படுகிறது.

இத்தகைய அழிவு மீண்டும் நிகழாமல் தடுக்கப் பொறியாளர் விசுவேசுவரய்யா 1909 இல் அழைக்கப்பட்டார். நகருக்கு மேலே நீரைத் தேக்கி, சிறிது சிறிதாக விடுவதே வழி என்று அவர் கண்டார். அவர் காட்டிய வழியில் மூசியின் குறுக்கே 1920 இல் உஸ்மான் சாகரும், ஈசியின் குறுக்கே 1927 இல் இமாயத் சாகரும் எழுந்தன. மக்கள் கண்டிப்பேட்டை என்று அழைப்பது உஸ்மான் சாகரைத்தான். வெள்ளத்தைத் தடுக்கக் கட்டப்பட்ட இவ்விரு நீர்த்தேக்கங்களும் நகருக்குக் குடிநீரும் தந்தன.

ஆறு நோயுறும் விதம்

நகர் வளர்ந்தது, கழிவும் வளர்ந்தது. வீடுகளின் சாக்கடையும் ஆலைகளின் கழிவும் 'நாலா' எனப்படும் கால்வாய்கள் வழியே மூசியை அடைந்தன. மேலேயுள்ள நீர்த்தேக்கங்கள் நல்ல நீரைத் தடுத்து வைத்தமையால், மழையில்லாத மாதங்களில் நகருக்குள் ஓடுவது பெரும்பாலும் கழிவுநீரே ஆயிற்று.

நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனைக் கொண்டே மீன்கள் மூச்சுவிடுகின்றன. ஆற்றில் சாக்கடை கலந்தால், அதிலுள்ள அழுக்கைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் பெருகி அந்த ஆக்சிஜனைப் பயன்படுத்திவிடுகின்றன. மீன்கள் மூச்சு முட்டி இறக்கின்றன. ஆக்சிஜன் தீர்ந்த நீரில் வேறு வகை நுண்ணுயிர்கள் வளர்ந்து துர்நாற்றத்தை உண்டாக்குகின்றன. கழிவிலுள்ள சத்துகளை உண்டு ஆகாயத்தாமரை படர்ந்து, நீரின் மேற்பரப்பையே மூடிவிடுகிறது. பாலத்தின்மேல் செல்வோர் உணரும் நாற்றம், ஆறு மூச்சுவிட முடியாமல் தவிக்கிறது என்பதற்கு அடையாளம்.

நகருக்குக் கீழே பீர்சாதிகூடா முதலிய ஊர்களில் இந்நீரைக் கொண்டே உழவர் மாட்டுத்தீவனப் புல் வளர்க்கின்றனர். அதற்கும் அப்பால் நெல் விளைகிறது. ஆண்டு முழுவதும் நீர் கிடைப்பது அவர்களுக்கு ஆதாயம். அழுக்கு நீரில் நின்று உழைப்பதால் வரும் நோய்களும் அவர்களுக்கே.

ஆயினும் நம்பிக்கை தரும் செய்தி ஒன்று உண்டு. கீழ்நோக்கிச் செல்லச் செல்ல மூசியின் நீர் படிப்படியாகத் தெளிவடைவதை ஆய்வாளர்கள் அளந்து கண்டுள்ளனர். வழியிலுள்ள சிற்றணைகளில் நீர் தேங்கும்போது அழுக்கு அடியில் படிகிறது. அணையைத் தாண்டி விழும்போது காற்று கலக்கிறது. ஆறு தன்னைத் தானே தூய்மைப்படுத்திக்கொள்ள வல்லது. அதன் ஆற்றலுக்கு மேற்பட்ட கழிவை அதன்மேல் சுமத்துவதே குற்றம்.

காக்க எழுந்தவர்கள்

1996 இல் அன்றைய ஆந்திரப்பிரதேச அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. உஸ்மான் சாகர், இமாயத் சாகர் ஆகியவற்றைச் சுற்றி 10 கிலோமீட்டர் தொலைவுக்குள், மாசு உண்டாக்கும் தொழிற்சாலைகளுக்கும் பெரிய குடியிருப்புகளுக்கும் அது தடை விதித்தது. 111 ஆம் எண் அரசாணை என்பது அதன் பெயர். அவ்வெல்லைக்குள் எண்ணெய் ஆலை ஒன்று அமைய முயன்றபோது அது வழக்காகி உச்ச நீதிமன்றம் வரை சென்றது. குடிநீரைக் காக்க விரும்பிய குடிமக்கள் அமைப்பும் அவ்வழக்கில் நின்றது. தீங்கு நேர்ந்தபின் வருந்துவதைவிட முன்னரே தடுப்பது நன்று என்றும், தீங்கு விளையாது என மெய்ப்பிக்கும் பொறுப்பு தொழில் தொடங்குவோருடையது என்றும் 1999 இல் அந்நீதிமன்றம் விளக்கியது. 2022 இல் தெலங்கானா அரசு அவ்வாணையின் கட்டுப்பாடுகளை நீக்கும் புதிய ஆணையை வெளியிட்டது. அதன்பின் நீர்நிலை ஆர்வலர்கள் மீண்டும் குரல் எழுப்பினர். ஆற்றைக் காக்கும் பணி ஒரு தீர்ப்புடன் முடிந்துவிடுவதில்லை என்பதை இதனால் அறியலாம்.

தமிழ்நாட்டு நொய்யலின் கதையும் இத்தகையதே. வெள்ளியங்கிரி மலையில் தோன்றிக் கோவை, திருப்பூர் வழியாகக் காவிரியில் கலப்பது நொய்யல். திருப்பூரின் சாயப்பட்டறைகள் வெளியேற்றிய உப்புக் கழிவு அந்த ஆற்றில் கலந்தது. பாசனத்துக்காக 1992 இல் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சாயநீர் தேங்கும் குட்டையாயிற்று. கிணறுகள் உவர்த்தன, தென்னைகள் வாடின. ஆற்றை நம்பிய உழவர்கள் சங்கமாகக் கூடி, 2003 இல் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினர். கழிவுநீரை ஒரு சொட்டும் ஆற்றில் விடலாகாது என்ற நெறியை நீதிமன்றம் வலியுறுத்தியது. அது நிறைவேறாமையால் 2011 சனவரியில் சாயப்பட்டறைகளை மூடும்படி ஆணையிட்டது. பல்லாயிரம் தொழிலாளர்கள் வேலையிழந்து தவித்தனர். பின்னர்க் கழிவுநீரைச் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் நிலையங்களுடன் பட்டறைகள் இயங்கத் தொடங்கின. ஆற்றின் நலனையும் தொழிலாளியின் பிழைப்பையும் சேர்த்தே சிந்திக்க வேண்டும் என்பது நொய்யல் கற்பித்த பாடம்.

வழக்கு மன்றத்துக்குச் செல்லாமல் மண்வெட்டியுடன் ஆற்றில் இறங்கியவரும் உண்டு. பஞ்சாபில் ஓடும் காளி பேயின் 160 கிலோமீட்டர் நீளமுள்ள சிற்றாறு. சீக்கிய சமயத்தை நிறுவிய குருநானக்கின் வாழ்வோடு தொடர்புடையதால் அது புனிதமாகக் கருதப்படுவது. ஆனால், நகரங்களும் சிற்றூர்களும் கழிவைக் கொட்டியதால் அதன் பல பகுதிகள் ஆகாயத்தாமரை மூடிய சாக்கடையாயின. 2000 ஆம் ஆண்டில் பல்பீர்சிங் சீச்சேவால் என்னும் துறவி தம் தொண்டர்களுடன் அந்த ஆற்றில் இறங்கினார். ஆகாயத்தாமரையைக் கையாலேயே அகற்றினர், சேற்றை வாரினர், கரைகளைச் சீரமைத்தனர், மரங்களை நட்டனர். கழிவை ஆற்றில் விடாமல் குட்டைகளில் தேக்கித் தெளியவைத்து, வயலுக்குப் பாய்ச்சும் முறையை ஊர்தோறும் எடுத்துரைத்தனர். ஆறு மீண்டும் ஓடியது. தமிழரான குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் 2006 இல் அங்கு நேரில் சென்று அப்பணியைப் பாராட்டினார்.

கடல்கடந்த கனடாவிலும் இதற்குச் சான்று உண்டு. மார்க் ஏஞ்சலோ என்பவர் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியின் ஆசிரியர். ஆறுகளில் படகோட்டுவதில் ஆர்வம் உடையவர். 1980 இல் தொண்டர்களைத் திரட்டித் தாம்சன் ஆற்றில் கிடந்த குப்பைகளை அகற்றினார். ஒருநாள் பணியாகத் தொடங்கிய அது ஆண்டுதோறும் கொண்டாடப்படும் ஆறுகள் நாளாயிற்று. 2005 முதல் செப்டம்பர் மாதத்து நான்காம் ஞாயிறு உலக ஆறுகள் நாளாகப் பல நாடுகளில் கொண்டாடப்படுகிறது. அவருடைய கல்லூரி வளாகத்தில் கிச்சன் என்னும் சிற்றோடை சீர்கெட்டுக் கிடந்தது. அவரும் மாணவர்களும் பல பத்தாண்டுகள் உழைத்து அதை மீட்டனர். நெடுங்காலம் காணப்படாத சால்மன் மீன்கள் முட்டையிட அங்குத் திரும்பி வந்தன. ஏறத்தாழ ஆயிரம் ஆறுகளில் பயணம் செய்த அப்பெரியவர், கல்லூரிக்குள் ஓடும் அச்சிறிய ஓடையைக் கைவிடவே இல்லை.

பணி அன்பாகும் விதம்

மேற்கண்டோர் அனைவரிடமும் பொதுவாக ஒன்று காணப்படுகிறது. ஒருநாள் பணியோடு அவர்கள் ஆற்றைவிட்டு விலகவில்லை. இதற்குக் காரணம் என்ன? ஆற்றின்மேல் அன்புடையோரே அதைக் காக்க வருவர் என்று பலர் எண்ணுகின்றனர். அது பாதி உண்மை. காக்க வந்தபின் அன்பு கொள்வோரே மிகுதி.

ஒரு செடியைக் கடையில் காண்பவனுக்கு அது பல செடிகளுள் ஒன்று. நட்டு, நீர் ஊற்றி, பூச்சி அரிக்காமல் பார்த்துக்கொண்டவனுக்கு அது அவனுடைய செடி. ஆறும் அவ்வாறே. அதைக் காக்க முனைபவர் முதலில் அதை அறிந்துகொள்ள வேண்டியுள்ளது. எங்கே தோன்றுகிறது, எந்தக் கால்வாய் எங்கே கலக்கிறது, எம்மாதத்தில் எந்தப் பறவை வருகிறது என்று உற்றுநோக்குகிறார். பின்னர் அதற்காக உழைக்கிறார். உழைப்பின் பயன் உடனே தெரியாமையால் காத்திருக்கவும் பழகுகிறார். அறிதல், உழைத்தல், காத்திருத்தல் ஆகிய மூன்றும் சேரும்போது பெயரளவில் இருந்த ஆறு உறவாகிவிடுகிறது. அவ்வுறவு வயதாலும் இடமாற்றத்தாலும் மறைவதில்லை.

தாத்தா பாட்டிக்குக் காவிரியின்மேல் உள்ள அன்பும் இவ்வாறு வந்ததே. அவர்கள் அதில் குளித்தனர். அதன் நீரை வயலுக்குத் திருப்பினர். தூர்ந்த வாய்க்காலை ஊரோடு சேர்ந்து வாரினர். நாச்சாரத்துப் பிள்ளை காவிரியை மறக்க வேண்டியதில்லை. மூசியையும் அவ்வாறே அறிந்து உழைத்தால், இரண்டு ஆறுகளுக்கு உரியவர் ஆகலாம்.

மாணவர் செய்யத்தக்கவை

மூசியின் நலம் நாகோல் பாலத்தில் தொடங்குவதில்லை. நாச்சாரத்துத் தெருவில் தொடங்குகிறது. தெலுங்கில் ஏரியைச் 'செருவு' என்றும் ஓடையை 'வாகு' என்றும் கூறுவர். நாச்சாரம், உப்பல் பகுதிச் செருவுகளில் நிரம்பி வழியும் நீர் செல்லும் திசை மூசியின் திசையே. எனவே, நாலாவில் எறியும் நெகிழிப்பையும் மழைநாளில் ஆற்றை நோக்கியே பயணம் செய்கிறது.

சமையல் எண்ணெயை வடிகாலில் ஊற்றாமல் இருக்கலாம். வண்ணம் பூசிய சிலைகளுக்கு மாறாகக் களிமண் பிள்ளையாரை வழிபடலாம். அருகிலுள்ள செருவின் நீர்மட்டம், நிறம், மணம், அங்குக் காணும் பறவைகள் ஆகியவற்றை மாதம் ஒருமுறை குறிப்பேட்டில் எழுதலாம். ஓராண்டுக் குறிப்பு கையில் இருந்தால், அது நகராட்சி அலுவலரிடம் அளிக்கும் விண்ணப்பத்துக்கு வலுச் சேர்க்கும். நீர்நிலைக்குச் செல்லும்போது பெரியோர் துணை கட்டாயம் வேண்டும். கழிவுநீரில் கால் வைத்தல் கூடாது.

அம்பர்பேட்டையில் நாள்தோறும் 33.9 கோடி லிட்டர் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் திறனுடைய நிலையம் உள்ளது. நாகோலிலும் ஒரு நிலையம் உண்டு. ஆசிரியர் வழியே இசைவு பெற்று அத்தகைய நிலையம் ஒன்றைக் காணலாம். தம் வீட்டு நீர் எங்கே செல்கிறது என்பதைக் கண்ணால் கண்ட மாணவர், அடுத்த முறை நாகோல் பாலத்தைக் கடக்கும்போது மூக்கைப் பொத்துவதோடு நில்லார். கீழே குனிந்து ஆற்றையும் பார்ப்பார்.

சொல்லும் பொருளும்

பரிசில் – வள்ளல் அளிக்கும் கொடை
கூடல் – ஆறுகள் ஒன்றுசேரும் இடம்
உவர்த்தல் – உப்புக் கரித்தல்
தூர்தல் – மண் சேர்ந்து மேடாதல்
நெகிழி – பிளாஸ்டிக்
இசைவு – அனுமதி

பயிற்சி

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.
1. மூசி ஆறு ________ மலையில் தோன்றுகிறது.
2. 'ஆறு' என்னும் சொல்லுக்கு ________ என்றும் பொருள் உண்டு.
3. உலக ஆறுகள் நாள் ________ மாதத்து நான்காம் ஞாயிறு அன்று கொண்டாடப்படுகிறது.

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. உஸ்மான் சாகரும் இமாயத் சாகரும் கட்டப்பட்டதன் நோக்கம் யாது?
2. சாக்கடை கலந்த ஆற்றில் மீன்கள் இறப்பது ஏன்?
3. சீச்சேவாலும் தொண்டர்களும் காளி பேயின் ஆற்றில் செய்த பணிகள் யாவை?

இ. விரிவாக விடை எழுதுக.
1. 'ஆற்றின் நலனையும் தொழிலாளியின் பிழைப்பையும் சேர்த்தே சிந்திக்க வேண்டும்.' நொய்யலின் கதையைக் கொண்டு விளக்குக.
2. ஆற்றைக் காக்கும் பணி அன்பாக மாறுவது எவ்வாறு? உங்கள் கருத்தையும் சேர்த்து எழுதுக.

ஈ. செயல்பாடு
வீட்டுப் பெரியோர் ஒருவரிடம் அவருடைய ஊர் ஆற்றைப் பற்றிக் கேட்டறிந்து பத்து வரிகள் எழுதுக. அதன் கீழே மூசியைப் பற்றி நீங்கள் நேரில் கண்டவற்றைப் பத்து வரிகளில் எழுதி, இரண்டையும் வகுப்பில் படித்துக் காட்டுக.